ஞாயிறு இணைப்பில் இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சதுரங்கத்தின் வரலாறு குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த பிறகு எங்கள் முத்தியால்பேட்டையிலும் பலகையைச் சுமந்துகொண்டு பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளைக் காண முடிகிறது. ஆகவே அந்தப் பக்கத்தைப் பெரியவர்களைவிடச் சிறியவர்களே அதிகம் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனாலேயே இக்கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

சதுரங்கத்தை உருவாக்கிய அறிஞர், முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்துத் தானியம் தருமாறு அரசனிடம் கேட்ட பழங்கதை கட்டுரையின் நடுவில் வருகிறது. 64 கட்டங்களுக்கும் சேர்ந்த மொத்தம் என்று பெரிய எழுத்தில், கட்டம் கட்டி, 18,446,744,073,705,951,615 என அச்சிட்டிருந்தீர்கள். சரியான மொத்தம் 18,446,744,073,709,551,615. வலமிருந்து ஆறாவது, ஏழாவது இடங்களில் நிற்க வேண்டிய ஐந்தும் ஒன்பதும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன. இதனால் அறிஞருக்குச் சேர வேண்டியதில் 36 லட்சம் மணிகள் குறைந்துவிட்டன. ஆயிரம் அரிசியின் எடை 20 கிராம் என்று கொண்டால் இது 72 கிலோ, கிட்டத்தட்ட ஒரு மூட்டை. மொத்தப் பரிசே சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் அரிசியோ 50 கோடி டன்னைச் சற்றே தாண்டுவது. அப்படியிருக்க, ஒரு மூட்டைக்காக ஒருவர் கடிதம் எழுதுவாரா என்று தாங்கள் கேட்கலாம்.

மூட்டைக்காக எழுதவில்லை. இருபது இலக்கம் கொண்ட எண் என்றால் வியந்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட வேண்டியது என்ற எண்ணம் அக்கட்டுரையில் தொனிக்கிறது. "கணினியின் துணையின்றி இத்தகைய எண்ணை நெருங்கவே முடியாது" என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை நான் ஏற்கவில்லை. இந்த எண்ணைக் கையால் கணக்கிடலாம், கையால் சரிபார்க்கலாம், கையாலேயே அதன் உறுப்புகளாகப் பிரித்தும் காட்டலாம். பெரிய எண்களில் பெரும்பாலானவை இவ்வளவு இணக்கமாக நடந்துகொள்வதில்லை. இந்த எண்ணின் உள்ளமைப்பு அத்தகையது. இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டதும் குலைந்துபோவது அந்த அமைப்புதான்.

முதலில் கணக்கிடுவதைப் பார்ப்போம். எந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அதிலுள்ள மணிகள் அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்திலும் உள்ள மணிகளின் மொத்தத்தைவிடச் சரியாக ஒன்று அதிகம். ஆகவே 64 கட்டங்களின் மொத்தம், 65-ஆவது கட்டம் ஒன்று இருந்தால் அதில் வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவு; அதாவது 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தது. 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. இரண்டை இரண்டால் பெருக்கினால் 4; நான்கின் வர்க்கம் 16; அதன் வர்க்கம் 256; அதன் வர்க்கம் 65,536; அதன் வர்க்கம் 4,29,49,67,296; அதையும் ஒருமுறை வர்க்கப்படுத்தினால் வேலை முடிந்தது. ஆறே பெருக்கல்கள், கடைசி ஒன்றுக்கு மட்டும் சற்று அகலமான தாள் வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரும் இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதியவருமான அல்பிரூனி, இப்படி வர்க்கம் மேல் வர்க்கம் எடுக்கும் வழியில்தான் சதுரங்கப் பலகையின் மொத்தத்தைக் கணக்கிட்டார். 16 முதல் இந்த வரிசையிலுள்ள எல்லா எண்களும் 6 என்ற இலக்கத்தில் முடிவதைக் கவனிக்கலாம். ஆறை ஆறால் பெருக்கினால் முப்பத்தாறு என்பதால் வேறு முடிவுக்கு இடமில்லை. ஆகவே நம் மொத்தம் 5-இல் முடிந்தே தீர வேண்டும்.

அடுத்தது சரிபார்ப்பு. நான் கணித ஆசிரியனல்லன். கூட்டுறவு வங்கியொன்றில் பேரேடு எழுதி ஓய்வுபெற்றவன். பற்றும் வரவும் ஒட்டாமல் நிற்கும்போது, வேறுபாடு 9-ஆல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியுள்ளன என்று முதலில் ஐயப்படுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். 36 லட்சமும் 9-ஆல் வகுபடும். ஆனால் சரியான எண் கையில் இல்லாமல் வேறுபாட்டைக் காண்பது எப்படி? மீதிகளைக் கொண்டுதான் காண வேண்டும்.

இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் சோதிப்பது பள்ளியிலேயே பலரும் கற்றது. 2-இன் அடுக்குகளை வரிசையாக 9-ஆல் வகுத்தால் 2, 4, 8, 7, 5, 1 என்ற மீதிகள் ஆறுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். 64-ஐ ஆறால் வகுத்தால் மீதி 4. நான்காவது இடத்தில் இருப்பது 7. அதில் ஒன்றைக் கழித்தால் 6. ஆகவே நம் எண்ணை 9-ஆல் வகுத்தால் 6 மீதி வர வேண்டும். சரியான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87; எட்டும் ஏழும் பதினைந்து; ஒன்றும் ஐந்தும் ஆறு. பொருந்துகிறது. ஆனால் தாங்கள் அச்சிட்ட எண்ணின் கூட்டுத்தொகையும் அதே 87. இலக்கங்கள் இடம் மாறுவதை இந்தச் சோதனை அறியவே அறியாது. ஆகவே தங்கள் அலுவலகத்தில் எவரேனும் இதைச் செய்து பார்த்திருந்தாலும் பிழை தப்பித்திருக்கும்.

11-ஆல் சோதித்தால் அந்தப் பிழை தப்ப முடியாது. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை எடுத்து, ஒற்றைப்படை இடங்களின் கூட்டுத்தொகையிலிருந்து இரட்டைப்படை இடங்களின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். சரியான எண்ணில் இது 62-இலிருந்து 25 போக 37. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 4. 2-இன் அடுக்குகள் 11-ஆல் வகுக்கப்படும்போது மீதிகள் பத்துக்கு ஒருமுறை சுழல்வதால், 64-ஆம் அடுக்கு நான்காம் அடுக்கான 16-ஐப் போலவே 5 மீதி தரும். ஒன்று போக 4. பொருந்துகிறது. அச்சில் வந்த எண்ணில் 58-இலிருந்து 29 போக 29, மீதி 7. பிழை பிடிபட்டுவிட்டது.

இவற்றினும் எனக்கு மிகவும் பிடித்தது 1001-ஐக் கொண்டு செய்யும் சோதனை. 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். எண்ணை மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, வலமிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் 1001-ஆல் வகுத்து வரும் மீதி கிடைத்துவிடும். ஏனெனில் ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. சரியான எண்ணுக்கு 615-இலிருந்து 551-ஐக் கழித்து, 709-ஐக் கூட்டி, 73-ஐக் கழித்து, 744-ஐக் கூட்டி, 446-ஐக் கழித்து, 18-ஐக் கூட்டினால் 1016. அதாவது மீதி 15. இனி எதிர்பார்க்க வேண்டிய மீதி எது என்று பார்க்கலாம். 2-இன் பத்தாம் அடுக்கு 1024, மீதி 23. இருபதாம் அடுக்குக்கு 23-இன் வர்க்கமான 529. நாற்பதாம் அடுக்குக்கு 529-இன் வர்க்கமான 2,79,841. 841-இலிருந்து 279 போக மீதி 562. அறுபதாம் அடுக்குக்கு 562-ஐ 529-ஆல் பெருக்கினால் 2,97,298. 298-இலிருந்து 297 போக மீதி 1. அறுபதாம் அடுக்கில் மீதி ஒன்றாகச் சுருங்கிவிட்டதால், 64-ஆம் அடுக்கின் மீதி வெறும் 16. ஒன்று போக 15. இருபது இலக்கங்களைக் கொண்ட ஒரு மலை, ஒரு பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் 15 என்று அடங்கிவிடுகிறது. தாங்கள் அச்சிட்ட எண்ணுக்கு இதே முறையில் 612 வருகிறது. இந்தச் சோதனையும் எல்லாப் பிழைகளையும் பிடித்துவிடாது. முதல் மூன்றிலக்கத் தொகுதியும் மூன்றாவது தொகுதியும் அப்படியே இடம் மாறினால் இதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தட்டச்சில் சாதாரணமாக நேரும் பிழைகளில் மிகச் சிலவே இதைக் கடந்து போகும்.

மீதிகளைக் கொண்டு கணக்கை நடத்துவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1825-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நேர்ந்த சந்திர கிரகணத்தை, புதுச்சேரியிலிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் பதிவு செய்துள்ளார். தொடக்க நேரத்தில் நான்கு நிமிடங்களும் நடுப்பொழுதில் 23 நிமிடங்களும்தான் பிசகு. வாக்கியப் பஞ்சாங்கத்தின் வழியே அதுதான்: கலியுகத் தொடக்கம் முதல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையை, அது அப்போது ஏறத்தாழ 18 லட்சம், முதலில் 16,00,984-ஆலும், எஞ்சியதை 12,372-ஆலும், அதில் எஞ்சியதை 3,031-ஆலும், அதிலும் எஞ்சியதை 248-ஆலும் வகுத்து, கடைசியில் கையில் நிற்கும் சிறிய எண்ணைக் கொண்டு சந்திரனின் நிலையை மனப்பாட வரிகளிலிருந்து எடுப்பார்கள். சந்திரன் புவிக்கு மிக அருகில் வந்து மீண்டும் அருகில் வரும் சுற்று, 248 நாட்களில் ஏறக்குறைய ஒன்பது முறையும், 3,031 நாட்களில் 110 முறையும், 12,372 நாட்களில் 449 முறையும் முழுமை பெறுகிறது என்பதால் ஈவுகளுக்குரிய சிறு திருத்தங்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்; நாள்தோறும் சந்திரன் நகரும் கணக்கை மீதிதான் சொல்கிறது. எழுதுகோல்கூட எடுக்காமல் ஒருவர் செய்த வேலை இது. பெரிய எண்ணைக் கணினியின்றி நெருங்க முடியாது என்று புதுச்சேரிப் பதிப்பில் அச்சிடுவது சற்று வேடிக்கையாகவே படுகிறது.

இனி அந்த எண்ணின் உறுப்புகளுக்கு வருகிறேன். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அது அந்த எண்ணுக்கு ஒன்று கூடியதும் ஒன்று குறைந்ததுமான இரண்டின் பெருக்கற்பலன் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். நம் மொத்தம் 4,29,49,67,296-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. ஆகவே அது 4,29,49,67,297-ஐ 4,29,49,67,295-ஆல் பெருக்கியதற்குச் சமம். இரண்டாவது எண்ணும் 65,536-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு; அதையும் அப்படியே பிரிக்கலாம்; அதிலிருந்து வருவதையும் பிரிக்கலாம். இவ்வாறு இறங்கிக்கொண்டே வந்தால், சதுரங்கப் பலகையின் மொத்தம் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 என்ற ஆறு எண்களின் பெருக்கற்பலனாக நிற்கும். ஒவ்வொன்றும் வர்க்க வரிசையிலிருந்த 2, 4, 16, 256, 65,536, 4,29,49,67,296 ஆகியவற்றுக்கு ஒன்று கூடியது.

இந்த ஆறும் கணித வரலாற்றில் பேர்பெற்றவை. பிரான்சின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே கணிதத்தில் ஈடுபட்ட பியேர் டி ஃபெர்மா, 1640-இல் இந்த வரிசையிலுள்ள எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாக எழுதினார். முதல் ஐந்தும் பகா எண்களே. ஆறாவதான 4,29,49,67,297 மட்டும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் பிடிகொடுக்காமல் நின்றது. 1732-இல் லியோனார்டு ஆய்லர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்: 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். வெறும் மூன்றிலக்க எண் ஒன்று இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததே என்று இப்போது தோன்றலாம். ஆனால் பெருக்குவது எளிது, பெருகி நிற்பதைப் பிரிப்பதுதான் கடினம். இன்று வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் பூட்டுகளில் 617 இலக்க எண்கள் நிற்பதும் இந்த ஏற்றத்தாழ்வை நம்பியே.

641 எப்படி உள்ளே நுழைகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கலாம். 641 என்பது 5-ஐ 128-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டியது. அதே 641, 625-உம் 16-உம் சேர்ந்ததும்கூட. அதாவது 5-இன் நான்காம் அடுக்கும் 2-இன் நான்காம் அடுக்கும். முதல் செய்தியின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 பெருக்கல் 128 என்பதற்கு மீதி கழித்தல் ஒன்று, அதாவது அது 641-இன் மடங்குக்கு ஒன்று குறைவு. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5-இன் நான்காம் அடுக்கும் 2-இன் 28-ஆம் அடுக்கும் பெருகியதற்கு மீதி கூட்டல் ஒன்று. இரண்டாம் செய்தியின்படி, 5-இன் நான்காம் அடுக்குக்குப் பதிலாகக் கழித்தல் 16-ஐ, அதாவது 2-இன் நான்காம் அடுக்கைக் கழித்தல் குறியுடன் வைக்கலாம். வைத்தால், 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி கழித்தல் ஒன்று என்றாகிறது. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை. பத்திலக்க எண்ணை ஒருமுறைகூட வகுக்காமல் முடிந்துவிட்ட நிறுவல் இது. இதைவிட அழகான ஐந்து வரிகளை நான் கணிதத்தில் அதிகம் கண்டதில்லை.

எஞ்சிய 67,00,417 பகா எண்தானா என்ற கேள்வி மீதமிருக்கிறது. பொதுவாக இதற்கு 2,588 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அவை சில நூறு. ஆனால் 4,29,49,67,297-இன் எந்தப் பகாக் காரணியும் 128-இன் மடங்குக்கு ஒன்று கூடியதாகவே இருக்க வேண்டும் என்பதை 1878-இல் எதுவார் லூக்கா நிறுவினார். அந்த வடிவில் 2,588-க்குள் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என ஐந்தே. ஐந்தாலும் வகுத்துப் பாருங்கள்: மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் சுழியில்லை, ஆகவே 67,00,417 பகா எண். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடியக்கூடிய வேலை. இதே லூக்காதான் 1883-இல் ஹனாய் கோபுரம் என்ற விளையாட்டுப் பொருளை வெளியிட்டவர். காசிக் கோயிலில் 64 பொன்தட்டுகளை அர்ச்சகர்கள் ஒரு தூணிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பதாக அதனுடன் வந்த கதையை நம் பக்கத்துப் பத்திரிகைகளும் அவ்வப்போது உண்மைபோல் எழுதுகின்றன. அப்படியொரு கோயில் கிடையாது, அது விளையாட்டுப் பொருளுக்காகப் புனைந்த கதை. ஆனால் மூன்று தூண்களுக்குள், ஒருமுறைக்கு ஒரு தட்டாக, சிறியதன்மேல் பெரியதை வைக்காமல் 64 தட்டுகளையும் மாற்றுவதற்குத் தேவைப்படும் நகர்வுகளின் எண்ணிக்கை மட்டும் உண்மை: அது நம் சதுரங்கப் பலகையின் மொத்தமேதான். நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் ஏறத்தாழ 58,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

ஆக, சரியான எண்ணுக்குப் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. எதுவும் இருமுறை வரவில்லை. அதனால் அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. அந்த எண்ணிக்கையும் 2-இன் அடுக்காகவே அமைந்துவிட்டது. இப்போது தங்கள் பிழையின் விளைவைப் பார்க்கலாம். 36 லட்சம் என்பது 2, 3, 5 ஆகிய மூன்றின் அடுக்குகளால் மட்டுமே ஆனது. ஆகவே அதைக் கழித்த பின் 3-உம் 5-உம் மட்டும் காரணிகளாகத் தங்கின; 17, 257, 641, 65,537, 67,00,417 ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் வெளியேறிவிட்டன. மூட்டையைவிட எனக்கு உறுத்தியது இதுதான்.

பலகையின் பாதியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். கட்டுரையாசிரியர் அடுத்த முறை எழுதும்போது பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் 32 கட்டங்களின் மொத்தம் 4,29,49,67,295. மேலே சொன்னபடி இது 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். கணினியர்கள் 32 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண்ணாகவும் இதை அறிவார்கள். 1796-இல், இருபது வயது நிரம்பாத ஜெர்மானியக் கணிதர் காவுஸ், 17 சமபக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு வரைய முடியும் என்று கண்டார். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு இத்துறையில் ஏற்பட்ட முதல் முன்னேற்றம் அது. ஃபெர்மாவின் வரிசையிலுள்ள பகா எண்களையும், அவற்றுள் எதையும் இருமுறை எடுக்காமல் ஒன்றோடொன்று பெருக்கி வரும் எண்களையும் பக்கங்களாகக் கொண்ட பலகோணங்களை எல்லாம் அவ்வாறு வரையலாம் என்று அவர் காட்டினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றில் வேறு எதையும் வரைய முடியாது என்பதற்கு 1837-இல் வான்ட்செல் நிறுவல் தந்தார். ஃபெர்மாவின் வரிசையில் ஐந்துக்கு மேல் ஒரு பகா எண்ணையும் இன்றுவரை எவரும் கண்டதில்லை. ஆறாவது எண் தொடங்கித் தொடர்ச்சியாக 28 எண்கள் பகு எண்கள் என்றே முடிவாகியுள்ளன. ஆகவே அறியப்பட்டவரை இவ்வகைப் பலகோணங்கள் 31. அவற்றுள் மிகப் பெரியதன் பக்கங்கள் எத்தனை என்றால், சதுரங்கப் பலகையின் முதல் பாதியிலுள்ள தானிய மணிகள் எத்தனையோ அத்தனை. அதை எவரும் வரையப்போவதில்லை. 65,537 பக்கங்கள் கொண்டதற்கான வழிமுறையை எழுதவே ஹெர்மஸ் என்ற ஜெர்மானியருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. 1894-இல் அவர் முடித்த அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அச்சு முறை குறித்தும் ஒரு வேண்டுகோள். அதே கட்டுரையில் ஓரிடத்தில் லட்சம், கோடி என்ற முறையிலும், கட்டத்துக்குள் மேலைநாட்டு முறையில் மூன்று மூன்றாகவும் காற்புள்ளி இட்டிருந்தீர்கள். கூடவே 18 குவின்டில்லியன் என்று ஒரு விளக்கம் வேறு. மூன்று மூன்றாகப் பிரிப்பது 1001 சோதனைக்கு வசதியானதுதான். ஆனால் நம் வாசகருக்கு அளவு மனத்தில் பதிய வேண்டுமானால், 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615 என்று எழுதுவதே மேல். இப்படி எழுதியிருந்தால் கடைசிப் பகுதியில் 95 லட்சத்துக்குப் பதிலாக 59 லட்சம் என்று வந்திருப்பது எவர் கண்ணையும் உடனே உறுத்தியிருக்கும். இருபது இலக்கங்களைத் தொடர்ந்து பார்க்கும் கண் களைத்துவிடுகிறது. அது மெய்ப்புத் திருத்துவோரின் குறையன்று.

பெரிய எண்களை வெளியிடும்போது தங்கள் ஆசிரியர் குழு ஒரு சிறு வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். கட்டுரையாளரிடம் எண்ணை மட்டும் கேட்காமல், அது எப்படி வந்தது என்பதையும் ஒரு வரியில் கேட்டு வாங்க வேண்டும். பக்கம் முடிந்தபின் அச்சில் உள்ள எண்ணைக் கொண்டு 9, 11 ஆகிய இரண்டு மீதிகளையாவது பார்க்க வேண்டும். மூலப்படியை அருகில் வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிடுவதைவிட இது விரைவானது. மூலப்படியே தவறாக இருந்தால் ஒப்பிட்டு என்ன பயன்? தேர்தல் முடிவுகள், வரவு செலவுத் திட்டம் ஆகியவை வெளியாகும் நாட்களில் கூட்டுத்தொகைகள் ஒட்டாமல் வருவதையும் இதே வழியில் தவிர்க்கலாம் என்பது பேரேடு எழுதியவனின் கருத்து.

திருத்தத்தை அச்சுப் பதிப்பில் வெளியிடுவதோடு, இணையப் பதிப்பிலும் பழைய எண்ணை நீக்கிச் சரியானதை இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை எழுதும் பிள்ளைகள் இப்போது அங்கிருந்துதான் படியெடுக்கிறார்கள். இடமிருந்தால் எண்ணுக்குக் கீழே அதன் ஏழு பகாக் காரணிகளையும் சிறிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள்; ஐயமுள்ளவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிக் கணக்கர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.